மிருகத்தின் முத்திரைக்கு நான் சொன்ன அர்த்தம்

மூன்று வருடங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே பாலர் பாடசாலை ஆசிரியை. சனிக்கிழமை மாலைகளில் வீட்டிலேயே பெண்களுக்கு வேத வகுப்பும் நடத்தினேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் தரிசனங்கள் என்றால் எனக்குத் தனி உற்சாகம். ஏழு தலை மிருகம், ஏற்பவர்களை நரகத்தில் தள்ளும் அதன் முத்திரை, 666 என்ற அதன் எண் என்று எல்லாவற்றுக்கும், கைப்பேசியில் கேட்ட பிரசங்கங்களை வைத்து நானே அர்த்தம் சொல்வேன். "நம்பர் போட்டு நமக்குத் தர்ற கார்டெல்லாம் அந்த முத்திரைக்கு ஏற்பாடுதான்" என்று ஒருநாள் அடித்துச் சொன்னேன். எல்லோரும் திகைத்துப்போய்க் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டோ ஓட்டும் என் தம்பி வேறு சபைக்குப் போகிறவன். திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லை என்பான். ஒரு ஞாயிறு மத்தியானம், பிதாவும் குமாரனும் ஒருவரா இருவரா என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். "இனிமே இந்தப் படி மிதிக்காத" என்று அவனிடம் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஓடிவந்தாள். என் வகுப்புக்குத் தவறாமல் வரும், கொழுந்தெடுக்கும் அக்காவின் மகள்.

"டீச்சர், அம்மா விழுந்துட்டாங்க. வாய் கோணிப்போச்சு!"

தம்பிதான் முதலில் ஓடினான். அக்காவைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினான். மகளும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளினிக் கார்டைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

"அதுல நம்பர் இருந்துச்சில்ல டீச்சர். நீங்க சொன்ன அன்னைக்கே அம்மா அடுப்புல போட்டுட்டாங்க. கிளினிக்குக்கும் போகல. பிரஷர் மாத்திரை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு."

மாத்திரை நின்றுபோனதை மட்டும் நான் டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். ஏன் நிறுத்தினார் என்று அவர் கேட்டார். மகளுக்குச் சிங்களம் வராது. நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சொல்லுக்கா. மறைக்காம சொல்லு" என்றான் தம்பி. சொன்னேன். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை விழுந்தது விழுந்ததுதான்; அதன்பின் அவர் மலையேறிக் கொழுந்தெடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன் என்று பெண்கள் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். பிறகு அக்காவிடம் போய் அழுதேன். அவர் குழறிக் குழறிச் சொன்னார்:

"நீங்க படிச்சவங்க டீச்சர். தப்பாவா சொல்லியிருப்பீங்க?"

ஆஸ்பத்திரியில் கேட்டதைவிட அதுதான் என்னை உலுக்கியது. இன்றும் யாராவது ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்டால், "எனக்குத் தெரியல" என்று சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. எதைச் சொன்னாலும் அவர்கள் அப்படியே நம்பிவிடுவார்களே என்றுதான் பயப்படுகிறேன்.