ஏழாம் நம்பர் வாசலுக்கு வந்த தடங்கள்

விஸ்கான்சினில் எங்கள் டிரெய்லர் வீட்டு மனைகளை விலைக்குப் பார்க்க ஆர்லிஸ் டாலஃப்சன் வந்தது, பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில். பனியில் எவளாவது மனை பார்க்க வருவாளா? இத்தனைக்கும் இலையுதிர் காலத்திலேயே ஒருதரம் வந்து, உரிமையாளர் காட்டியதையெல்லாம் தலையாட்டிப் பார்த்துவிட்டுப் போனவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். புருஷன் போனபின் மாட்டுப் பண்ணையை விற்ற பணம் மொத்தத்தையும் இதில் போடப் போகிறாள் என்று ஊரே பேசிக்கொண்டது. அவளுடைய கடைசிக் காலத்துக்கு அதுதான் ஆதாரம்.

அவள் வாங்காவிட்டால் மாடிசன் நகரத்துக்காரன் ஒருவன் வாங்குவான். எங்களைக் கிளப்பிவிட்டு, படகு நிறுத்தக் கொட்டகை போடுவான். எங்களுக்கு வீடு சொந்தம், மண் வாடகை. சக்கரத்தின்மேல் வந்த வீடுதான். ஆனால் இந்த வயதில் இழுத்தால் பாதி வழியில் அப்பளமாக நொறுங்கிவிடும். அவள் வாங்கட்டும் என்று பன்னிரண்டு வீடும் வேண்டிக்கொண்டிருந்தன.

ஜன்னலில் நின்று பார்த்தேன். என்னதான் செய்கிறாள் இந்தப் பொம்பளை? கூரைகளை அண்ணாந்து பார்த்தாள். பனி உருகின கூரைக்குக் கீழே ஆள் இருக்கிறது, உருகாதது காலி வீடு என்று அப்புறம்தான் சொன்னாள். தரையில் எங்காவது பனி தானாகக் கரைந்து சாக்கடைக் கசிவைக் காட்டுகிறதா என்று தேடினாள். பிறகு குனிந்து காலடித் தடங்களைப் பார்த்தாள். தடத்தோடு நடந்து நேரே ஏழாம் நம்பருக்கு வந்து என் கதவைத் தட்டினாள்.

"லவோன், எல்லா வீட்டுலருந்தும் உன் வாசலுக்குத்தான் ஒத்தையடிப் பாதை வருது. அப்படி என்னடி வித்துட்டிருக்க?"

"கஞ்சாதான். உனக்கு எவ்வளவு வேணும்?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் நாலாம் நம்பர் லைல் வந்து நின்றான். ஆர்லிஸைப் பார்த்ததும் கையில் இருந்த காலி வாளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம்.

"சும்மா நடந்துட்டு வரலாம்னு..."

"வாளியோடயா?" என்றாள் அவள்.

லைல் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். எனக்கோ பொய் வாயில் வராது.

"குழாயை மேலாப்புலயே பொதைச்சுட்டாங்க. ஜனவரில உறைஞ்சா ஏப்ரல் வரைக்கும் சொட்டு வராது. கிணறு என் வீட்டை ஒட்டி இருக்கு, அதனால எனக்கு மட்டும் வரும். ஆழம் தெரியாம காலை விடாதடி."

ஆர்லிஸ் நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

"தவளை தன் வாயால கெடும். நீ எங்களையும் சேர்த்துல்ல கெடுத்துட்ட!" என்றான் லைல். அந்த வாரம் எல்லோரும் என் வீட்டில் தண்ணீர் பிடித்தார்கள், ஆனால் என்மேல் இருந்த கோபத்தில் ஒருத்தரும் வழக்கம்போல் உட்கார்ந்து பேசவில்லை. பயந்துதான் போனேன். இந்த வயதில் எங்கே போவேன் நான்?

மறுவாரம் அவளே வந்தாள்.

"ஒண்ணு சொல்லு. இவ்வளவு கஷ்டத்துலயும் இங்க குடியிருக்கிறவங்க ஒருத்தர்கூட காலி பண்ணலையே, ஏன்?"

"போக்கிடம் ஏது? அதோட, இங்க கதவைத் தட்டினா தொறக்க ஆள் இருக்கு."

"அதைத்தான் நானும் பார்த்தேன். குழாயை மாத்திக்கலாம் லவோன். ஆளுங்க தங்காத மனையை வாங்கி நான் என்ன பண்ணுவேன்?"

மாடிசன்காரன் இன்னும் கொட்டகை போடும் அனுமதிக்கு அலைந்துகொண்டிருந்தான். புதுக் குழாய்ச் செலவை விலையில் கழிக்கச் சொல்லி, உரிமையாளரோடு மல்லுக்கு நின்று வாங்கிவிட்டாள் ஆர்லிஸ். கோடையில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள்.

அடுத்த ஜனவரியில் ஒருநாள் பனி கொட்டி ஓய்ந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மறுபடியும் உறைஞ்சிடுச்சா? எல்லாத் தடமும் உன் வாசலுக்கே வருதே! என் பணம் மொத்தமும் மண்ணுக்குள்ள இருக்குடி!"

என் சமையலறை மேசையைச் சுற்றி நாற்காலி போதாமல் உட்கார்ந்திருந்தார்கள். லைல் சீட்டுக் கட்டைக் கலைத்தபடியே நிமிர்ந்தான்.

"குழாயெல்லாம் நல்லாத்தான் ஓடுது. இங்க வர்றதுக்கு வாளிதான் இப்ப தேவையில்ல. மொதல்ல கதவைச் சாத்து, குளிருது."