பின்பெஞ்சுல உக்காந்த வாத்தியாருங்க

கரியும் கோவை இலையும் அரைச்சுப் பூசின போர்டோட பச்சை வாசனை… இன்னும் மூக்குலயே இருக்கு.

அந்த வாசனையை மத்த புள்ளைங்களை விட ஒரு வருஷம் கூடுதலா மோந்தவ நான். ஆமாங்க, அஞ்சாங்கிளாஸை ரெண்டு தடவை படிச்சேன். என் பேரனுக்குக்கூடத் தெரியாது. சிரிச்சுட்டு மேல படிங்க.

எழுபதுகள்ல தாம்பரம். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட ஒரு ஓட்டுக் கட்டடம், அதான் ஸ்கூலு. ஏர்ஃபோர்ஸ் பிளேன் தலைக்கு மேல போனா, வாத்தியாருங்க திறந்த வாய் திறந்தபடியே நிப்பாங்க. சத்தம் அடங்கினதும் விட்ட எழுத்துலேர்ந்து தொடருவாங்க.

அந்த வருஷம் ஸ்டெல்லா டீச்சர் புதுசா வந்தாங்க. ஒருநாள் நான் ஸ்டாஃப் ரூம் வாசல்ல முட்டி போட்டுகினு இருந்தேன். (அது என் பர்மனென்ட் சீட்.) உள்ள டீச்சர் குரல் கேக்குது…

"எனக்குப் பின்னம் சொல்லிக்குடுக்க வரலை சார். பசங்க முழிக்குதுங்க. யாராவது என் கிளாஸ்ல வந்து உக்காந்து, எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்களேன்."

அப்பல்லாம் ஒரு வாத்தியார் கிளாஸ்ல இன்னொருத்தர் வந்து உக்காந்தா, அவர் இன்ஸ்பெக்டர். குத்தம் கண்டுபிடிக்க வந்திருக்கார்னு அர்த்தம். அதைப் போய் வாய் விட்டுக் கேக்குதே இந்தப் பொண்ணு!

ஆனா எச்.எம். ஒத்துக்கினார். சனிக்கிழமை காலையில ஒருத்தர் பாடம் எடுக்கணும், மத்த வாத்தியாருங்க பின்பெஞ்சுல உக்காந்து பாக்கணும். பாடம் யாருக்கு? கிளாஸ்லயே மக்கு மூணு பேருக்கு. தலைவி நான்தான். "இதுக்குப் புரிஞ்சா தாம்பரத்துக்கே புரியும்"னு என்னைக் காட்டிச் சொன்னாங்க. எனக்கு ஒரே பெருமை!

சட்டம் ஒண்ணே ஒண்ணு. புரியலைன்னா "புரியலை"ன்னு சொல்லிடணும். எங்களுக்கும் அடி கிடையாது, எடுத்தவங்களுக்கும் திட்டு கிடையாது. எல்லாரும் சேந்து வேற வழி யோசிக்கணும்.

மொதல்ல ரெண்டு மூணு பேர்தான் வந்தாங்க. பெரிய கணக்கு வாத்தியார் ஞானமுத்து சார் வரலை. "நான் பாடம் எடுக்கறதை உக்காந்து வேடிக்கை பாக்கறதா? இன்னா, சர்க்கஸா?"ன்னுட்டார். அவர் வராததால மத்தவங்களும் வரலை. இப்படியே போனா நிறுத்திடலாம்னு எச்.எம்.மும் சொல்லிட்டார். ஸ்டெல்லா டீச்சர் முகமே செத்துப்போச்சு.

கடைசியா டீச்சர் அவர்கிட்டயே போய், "நீங்க எடுங்க சார், நாங்க பாத்துக் கத்துக்கறோம்"னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு மனுஷன் வந்துட்டார். அவர் பின்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க.

சார் போர்டுல காம்பஸ் வெச்ச மாதிரி ரெண்டு வட்டம் போட்டார். ஒண்ணை மூணாப் பிரிச்சார், ஒண்ணை நாலா.

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

"நாலு சார்."

மறுபடி விளக்கினார். மறுபடி நான் நாலு. மூணாவது தடவை குரல் ஏறிச்சு. "இப்பவாவது புரிஞ்சுதா?"

மேசை மேல பிரம்பு. பின்னாடி ஸ்டெல்லா டீச்சர் முந்தானையைக் கையில சுத்திக்கினு உக்காந்திருக்காங்க. புரிஞ்சுதுன்னா சார் சந்தோஷமாப் போயிடுவார். புரியலைன்னா கோவமாப் போயிடுவார், அவரோட எல்லாரும் போயிடுவாங்க, சனிக்கிழமையும் போயிடும். அந்த நேரம் பாத்து ஒரு பிளேன். அது போற வரைக்கும்தான் எனக்கு டைம்.

போயிடுச்சு.

"புரியலை சார்."

சாக்பீஸைக் கீழ வெச்சார். நடந்தார். வாசலுக்குத்தான் போறார்னு நெனச்சோம்… நேரா பின்பெஞ்சுக்குப் போய் ஸ்டெல்லா டீச்சர் பக்கத்துல உக்காந்தார்.

"இது ஏன் இப்படிச் சொல்லுதுன்னு எனக்கும் புரியலைம்மா. நீ பாரு."

டீச்சர் பாடமே எடுக்கலை. "ஏண்டி நாலுன்ற?"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான்.

"மூணை விட நாலுதானே டீச்சர் பெருசு?"

"அட!"ன்னு தலையில அடிச்சுக்கினார் சார். "இத்தினி வருஷத்துல இதைக் கேக்கணும்னு தோணலியே எனக்கு!"

அப்புறம் பாக்கணுமே… எதைப் பங்கு போட்டுக் காட்டறதுன்னு ஒருத்தர் இட்லிங்கறார், ஒருத்தர் கயிறுங்கறார், ஒரே சந்தைக்கடை. எங்களைச் சத்தம் போடாதேன்னு அடிச்சவங்கதான் எல்லாரும்! கடைசியில காம்பவுண்ட் மரத்துக் கொய்யாப்பழம் வந்துச்சு. ஞானமுத்து சாரே கத்தியோட நின்னார்.

"மூணு பேருக்குப் போடட்டுமா, நாலு பேருக்கா?"

"ஐயோ, நாலு வேணாம் சார்! பங்கு சின்னதாயிடும்!"

சொன்னப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு. பின்பெஞ்சு மொத்தமும் கை தட்டிச்சு. எனக்கா, அவங்களுக்கேவான்னு இன்னி வரைக்கும் தெரியலை.

அதுக்கப்புறம் சனிக்கிழமைன்னா பின்பெஞ்சுல இடம் கிடைக்காது. சேலையூர் ஸ்கூலு வாத்தியாருங்கல்லாம் சைக்கிள் மிதிச்சு வந்தாங்க. குட்டி பெஞ்சுல முட்டியை மடக்கிக்கினு, "எனக்கு வரலை சார், நீங்க எப்படி எடுக்கறீங்க?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க. எனக்குப் படிப்பு அதுக்கு மேல ஓடலை. ஆனா அந்தக் குரல்லாம் காதுலயே நிக்குது. ஒரே ஒரு சனிக்கிழமை திரும்பக் கிடைச்சா, இன்னொரு தடவை ஃபெயிலாகக்கூட ரெடி.

இப்ப என் பொண்ணு மறைமலை நகர் பக்கம் டீச்சர். அவங்களுக்கும் டிரெய்னிங் இருக்கு, லேப்டாப்ல. வரிசையா கறுப்புப் பொட்டிங்க, பொட்டிக்குள்ள பேரு மட்டும். யாரும் யார் முகத்தையும் பாக்கறதில்ல. முடிச்சுட்டுத் தனியா தலையைப் புடிச்சுக்கினு உக்காந்திருப்பா. "கேக்கறதுக்கு ஆள் இல்லியாடி?"ன்னா, "யாரும்மா தனக்குச் சொல்லிக்குடுக்க வரலைன்னு ஒத்துக்குவாங்க?"ங்கறா.

போன வாரம் அடுப்புல பாலை வெச்சுட்டு அவ பின்னாடி போய் நின்னேன். லேப்டாப்ல ஒரு மேடம் ரொம்ப நேரம் பேசிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னாங்க. வரிசையா "யெஸ் மேம், யெஸ் மேம்".

பழக்க தோஷம்.

"புரியலை டீச்சர்"னுட்டேன்.

மைக் திறந்து இருந்திருக்கு.

"யாரது?"ன்னாங்க மேடம். அப்புறம் ஏதோ ஒரு கறுப்புப் பொட்டிக்குள்ளேர்ந்து மெல்ல, "எனக்கும்தான் மேடம்…"

என் பொண்ணு திரும்பி என்னைப் பாத்தா. நான் கிச்சனுக்குப் போனேன். பால் மொத்தமும் பொங்கி ஊத்தியிருந்துச்சு. துணி எடுத்துத் துடைச்சேன்.