நாற்காலியில் இருந்த கறை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பவன், திருப்பூரில் பனியன் மடிப்பவன் என்று சுற்றிவிட்டு, இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கோரிப்பாளையத்தில் பாய் ஒருவரின் கடையில் வந்து ஒண்டினேன். பழைய மானிட்டர் வியாபாரம். பாய் பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களிடம் இன்டர்நெட்டில் வாங்குவார். 'நல்ல கண்டிஷன்' என்று போட்டிருப்பார்கள். பெட்டியைப் பிரித்தால் பல்லி முட்டையும் கருகிய வாடையும் இருக்கும். திருப்பி அனுப்ப வழியில்லை. விட்டுப்போன இடத்தை ஈயத்தால் பற்றவைத்து, துடைத்து, விற்றுவிடுவோம்.

வாங்க வருகிறவர்களுக்கு வெள்ளைத் திரையை மட்டும் காட்ட மாட்டோம். ஒரே படம் வருஷக்கணக்கில் ஓடிய கண்ணாடியில் அந்தப் படம் கறையாகத் தங்கிவிடும். வெள்ளையில்தான் அது நன்றாகத் தெரியும். அதனால் சிடி போட்டு அருவியைக் காட்டுவோம். தண்ணீர் விழுகிற ஆட்டத்தில் எந்தக் கறையும் மறைந்துபோகும்.

ஒருமுறை காவல் கேமராவுக்கான சின்னக் கறுப்பு வெள்ளை மானிட்டர் வந்தது. வெள்ளைத் திரை போட்டுப் பார்த்தேன். ஒரு நாற்காலி. அதில் ஒரு ஆள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் மடியில். முகம் இல்லை. வயரைப் பிடுங்கினேன். அணைந்த கண்ணாடியிலும் மங்கலாக உட்கார்ந்திருந்தார்.

"பாய், இதுல ஆள் இருக்காரு."

பாய் குனிந்து பார்த்தார். "எந்தக் கேட்டுலயோ இருந்த வாட்ச்மேன்டா மாப்ள. எம்புட்டு வருசம் அசையாம உக்காந்திருந்தா இப்படிப் பதியும்! உசுரோட இருக்கவன் இப்படி இருப்பானா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண்கள் விடுதியின் வார்டனம்மா வந்தார். "எங்க வாட்ச்மேனுக்குச் சுகர். ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாரு. வேலையை விட்டு நிறுத்த மனசு வரலை. என் ரூம்ல இருந்தே அவரைப் பாத்துக்கிற மாதிரி வச்சுக் குடுங்க" என்றார். பாய் அந்தச் சின்ன மானிட்டரிலேயே அருவியைக் காட்டினார். அம்மாவுக்குத் திருப்தி.

கேமராவையும் மானிட்டரையும் மாட்டப் போனது நான். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு நீல நாற்காலி. "என்னையப் படம் பிடிக்கவா வந்திருக்கீக? முன்னாடியே சொல்லியிருந்தா சவரம் பண்ணியிருப்பேன்ல" என்றார் வாட்ச்மேன்.

திரையைப் போட்டதும் அவர் ஓரிடத்திலும் கறை ஓரிடத்திலுமாக இரண்டு பேர் தெரிந்தார்கள். வார்டனம்மா டீ போடப் போயிருந்தார். நான் ஏணிக்கும் அறைக்குமாக ஓடி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கடைசியில் கறை இருந்த இடத்திலேயே நீல நாற்காலி வந்து விழுந்தது. அவருடைய காக்கிச் சட்டையும் திரையில் கறுப்பாகத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரானார்கள். நல்ல வேலைக்காரன் என்று எனக்கே தோன்றியது.

நாலைந்து நாள் அந்தச் சாய்ந்த தலை கூடவே வந்தது. ஒரு மத்தியானம் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கை நின்றது.

"பாய், புதுக்கோட்டை போயிட்டு வாரேன்."

"என்னடா, அந்தம்மா கூப்பிட்டாகளா?"

"இல்ல. கறை மேலயே அவரு உக்கார்ற இடத்த வச்சுட்டேன். அவரு நாக்காலிய விட்டு விழுந்தாலும் திரையில தெரியாது."

பாய் என்னையே பார்த்தார். "ஓடு" என்றார்.

விடுதிக் கேட் ஒருக்களித்துக் கிடந்தது. நாற்காலி காலி. நேரே வார்டனம்மா அறைக்குப் போனேன்.

"வா தம்பி. வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லாம உள்ள விட்டாரா?"

"நாக்காலியில யாரும் இல்லைம்மா."

"இந்தா இருக்காருல்ல. சாப்பிட்டு உக்காந்தவரு அசையவே இல்லை."

திரையில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் மடியில்.

இருவரும் ஓடினோம். நாற்காலிக்கு மூன்றடி தள்ளி, கேமராவுக்கு எட்டாத இடத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கிடந்தார். உதட்டில் எறும்பு ஏறியிருந்தது. "சுகர் இறங்கிருச்சு" என்று அம்மா உள்ளே ஓடிச் சீனி எடுத்துவந்து கன்னத்துக்குள் தடவினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் கண்ணைத் திறந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வார்டனம்மா, "அப்ப உக்காந்திருந்தது யாரு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "அதத் தூக்கிட்டுப் போயிரு" என்று மட்டும் சொன்னார்.

கழிக்கிற மானிட்டரில் உள்ள கண்ணாடி டியூபின் கழுத்தை முதலில் நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வெடிக்கும். நறுக்கியதும், காற்றே இல்லாத டியூபுக்குள் வெளிக்காற்று மூச்சு இழுக்கிற மாதிரி புகுந்து போகும். எத்தனையோ டியூப் நறுக்கியவன்தான். ஆனாலும் கடைப் பின்புறத்தில் அன்று அந்த நீண்ட மூச்சைக் கேட்டதும் குறடைக் கீழே போட்டுவிட்டேன்.

கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து பாய் கேட்டார். "நறுக்கிட்டியா?"

"நறுக்கிட்டேன்."

"ஆளு?"

"உக்காந்துதான் இருக்காரு பாய்."