ஹேண்ட்பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது

நாளை கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம். இன்று வீட்டு வாசலிலேயே காடியின் முன் பிரேக் பேட்களை நானே மாற்றினேன்.

"வர்க்‌ஷாப்புக்கு விடுங்க மாமா" என்று மருமகன் காலையிலிருந்தே நச்சரித்தார். முடித்ததும், "புது பேட் போட்டா பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்கும். மிதிச்சீங்களா?" என்றார்.

"எனக்குத் தெரியும்லா."

தெரியும். ஆனால் மிதிக்கவில்லை.

ரிவர்ஸ் எடுத்தேன். பெடல் அடிவரை போயும் காடி நிற்கவில்லை. பின்னால் மருமகனின் புதுக் காடி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"என்ன மாமா?"

"ஹேண்ட்பிரேக்கைச் சோதிச்சேன்."

மருமகன் தன் காடியைத் தெருக்கோடிக்கு நகர்த்தினார்.

பெடலை இறுகும்வரை மிதித்தேன். மூன்று சுற்று ஓட்டினேன். பிரேக் கச்சிதம். வாசலில் நின்ற மனைவியோ, "நான் பஸ்லயே வரேன்" என்றாள்.

நாளை முன் சீட்டு காலி. யார் வருகிறீர்கள்?