பாசஞ்சர் யாக்கோபு

தனுஷ்கோடித் துறையில் பெட்டி தூக்கிய யாக்கோபுவிடம் பாசஞ்சர் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "வெறுங்கைய வீசிக்கிட்டு வாரவன் பாசஞ்சர். பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு வாரவன் நாம." சீட்டு வாங்கியவனெல்லாம் பாசஞ்சர் ஆகிவிடுவானா என்ன? இலங்கைத் தோட்டத்துக்குப் போன சனமும் சீட்டோடுதான் வந்தது. அவர்களை எவன் அப்படிச் சொன்னான்? "ஆளுக வந்திருக்காக" என்பதோடு சரி.

யாக்கோபுவின் பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஜோதிமேரியை அக்கரையில், பேசாலையில் கட்டிக்கொடுத்திருந்தார். முன்பெல்லாம் அது ஒரு தூரமா? காற்று வாகாக இருந்தால் வள்ளத்தில் பாயை விரித்துப் போய், மகள் கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பிறகு வந்தன பாஸ்போர்ட்டும் விசாவும். யார் கேட்டார்கள் இதையெல்லாம்! மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, யாக்கோபு அந்தக் காகிதங்களை வாங்கி வைத்தார். பேரப்பிள்ளையைத் தூக்கப் போவதாகத்தான் நினைப்பு.

வந்தது தந்தி. பிள்ளை தங்கவில்லை, ஜோதிமேரிக்கு ஜன்னி கண்டிருக்கிறது, அய்யாவைக் கேட்கிறாள், உடனே வரவும்.

மறுநாள் சிவப்புச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்தார். கூடப் பெட்டி தூக்கும் கூத்தையா அவரைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைக்கப் பார்த்தான்.

"ஏலே யாக்கோபு, இன்னைக்கு நீ பாசஞ்சர்லே. உக்காரு. மேசையில சீல் போட ஆரம்பிச்சதும் மொத ஆளா போய் நில்லு."

யாக்கோபு உட்காரவில்லை. அந்த பெஞ்சில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ரயில் வந்தது. வழக்கமாக வரும் ஜவுளிக்கடை முதலாளி இறங்கினார். சட்டையையா பார்த்தார்? முகத்தைத்தான் பார்த்தார். "யாக்கோபு, இந்தா பிடி. பத்திரம்" என்று டிரங்குப் பெட்டியை நீட்டினார்.

அட பாவி மனுசா, "முடியாது, நானும் பிரயாணம் போறேன்" என்று சொல்ல வாய் இல்லையா? இல்லை. வாய் திறக்குமுன் பெட்டி தலையில் ஏறிவிட்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம், கால் தானாகக் கப்பலுக்குப் போர்ட்டர்கள் ஏறும் பலகைப் பக்கம் திரும்பியது. அந்தப் பலகையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. முதலாளி பெட்டியை இங்கே வை, வேண்டாம் அங்கே வை என்று படுத்தி எடுத்தார். அதற்குள் போர்ட்டர்களை இறங்கச் சொல்லி விசில் ஊதிவிட்டார்கள்.

"கீழ இறங்குய்யா" என்றார் அதிகாரி.

"நான் பாசஞ்சர்ங்கய்யா." தன்னைப் பற்றி அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மடியிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார்.

"இங்கன போட வேண்டிய சீல் எங்க? மேசை மூடியாச்சு. நாளைக்கு வா."

"மக சாகக் கெடக்குறாய்யா! மொதலாளி, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

முதலாளி பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நல்லா இருக்கட்டும் மகராசன். யாக்கோபுவைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. "ஒருநாள் அந்தக் கை சும்மா இருக்கக் கூடாதாலே?" என்று கூத்தையா தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த கப்பலில் சீல், சீட்டு எல்லாம் சரியாக இருந்தது. பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளி முடித்து, வந்த சனம் கலைந்துகொண்டிருந்தது. மருமகன் சூசைமுத்து மட்டும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"நேத்து சாயந்தரம்தான் மாமா மூச்சு அடங்குச்சு. அதுவரைக்கும் அய்யா வாராக, அய்யா வாராகன்னு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா. நேத்துக் கப்பல்தான் வந்துச்சே, நீங்க எங்க போனீக?"

யாக்கோபு ஈர மண்ணில் மண்டி போட்டார்.

"பெட்டி தூக்கப் போனேன் மாப்ள."