இந்திராணி அக்கா படகைத் திருப்பச் சொன்ன ஞாயிறு

செய்தி வந்தபோது நான் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இந்திராணி அக்காவின் தங்கை வசந்தி அழைத்தார். அவர் எப்போதும் குரல்பதிவுதான் அனுப்புவார், அழைக்க மாட்டார். கைப்பேசியில் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எடுக்காமல் இன்னும் இரண்டு கரண்டி ஊட்டினேன். அந்த இரண்டு கரண்டி நேரம் அக்கா எனக்கு உயிரோடு இருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தில் நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று வந்திருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதை இப்போது, ஒரு மாதம் தாமதமாக எழுதுகிறேன். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவரோடு வந்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. மடியில் பை. யார் வரவில்லை என்று முதலில் கவனிப்பவர் அவர்தான்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது கவினுக்கு மூன்று மாதம். பஸ்ஸில் ஏறியது முதல் இறங்கும்வரை வீட்டுக் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பேன். தொட்டிலில் அவன் அசையாமல் கிடந்தால் மாமியாரை எழுப்பி மூச்சு வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். எல்லாரும் எனக்குச் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நீ ரொம்பப் பயப்படுற. கணவர் சொன்னார், மாமியார் சொன்னார், கிளினிக் தாதிகூடச் சொன்னார். அக்கா மட்டும் சொல்லவில்லை. உற்பத்திப் பிரிவில் இருபது வருடத்துக்குமேல் மேற்பார்வையாளராக இருந்தவர். எதையும் ஏற்பாடாகத்தான் பார்ப்பார். "பயந்தா அதுக்கு ஒரு ஏற்பாடு செஞ்சிரணும். அவ்வளவுதான் கௌரி" என்றார். மறுநாளே, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த, மதியத்துக்குமேல் வேலைக்குப் போகும் ஒரு தாதியைப் பேசிவைத்தார். நான் பஸ்ஸில் இருக்கும்போது ஏதாவது என்றால் அவர் ஓடிவருவார். அதன் பிறகு கேமராவைப் பார்ப்பது பாதியாகக் குறைந்தது.

அவருக்கு ஐம்பது வயதானபோது மண்டபம் பிடித்துக் கொண்டாடலாம் என்று நானும் ஷரீஃபாவும் பேசினோம். ஷரீஃபா எங்கள் இருக்கைத் தோழி, மூவரில் வாய் நீண்டவள். அக்கா கையை வீசினார். "ஹால் வேணாம், பலூன் வேணாம். பாய் கட்டுன படகு வேணும். ரெண்டு நாள் இஞ்சின் சத்தம் கேக்காம இருக்கணும், போதும்லா." சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் மெர்சிங் கரையில் நின்று ஒரு தீவைப் பார்த்தாராம். ஆசிரியர் கூட்டிப்போகவில்லை. அதில் ஒருமுறை கால் வைக்கவேண்டும் என்றார். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கியதும், தன் பாய்மரப் படகை வாடகைக்கு விடும் ஒரு மலாய்ப் பெரியவரைக் கண்டுபிடித்தோம். மாமா என்ற முறையில் பாக்சிக் என்றே அழைத்தோம்.

நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஒன்பது மாதக் குழந்தையோடு கடலா? அக்கா வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். குழந்தைக்கான உயிர்காப்புச் சட்டை கிடைக்கும் கடை, மெர்சிங்கில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக், படகுத்துறையிலிருந்து அங்கே போக எத்தனை நிமிடம், எல்லாம் எழுதியிருந்தது. நான் போனேன்.

படகுத்துறையில் பாக்சிக் பெயர் எழுதிக்கொள்ள அடையாள அட்டை கேட்டார். தினமும் எல்லையில் நீட்டும் பழக்கத்தில் மூவரும் ஒரே நேரத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினோம், முகப்புப் பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலை நடுவில் வைத்து. அவர் மூன்றையும் பார்த்துவிட்டு, தன் படகு இன்னும் மலேசியாவைத் தாண்டியதில்லை என்றார். ஷரீஃபா சிரித்துச் சிரித்துப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை முழுக்கக் காற்று எங்களுக்குச் சாதகம். கரையை ஒட்டியே போனோம். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, கவினைத் தன் வயிற்றோடு சாய்த்து வைத்திருந்தார். மாலையில் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். கேக்கில் மெழுகுவத்தி நிற்கவில்லை, காற்று விடவில்லை. ஏற்றாத மெழுகுவத்தியையே அக்கா ஊதினார்.

விடிவதற்கு வெகுமுன், மூன்றே முக்காலுக்கு, மூன்று கைப்பேசிகளிலும் அலாரம் அடித்தது. அணைத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து தலைவாரத் தொடங்கிவிட்டேன். ஷரீஃபா பல் தேய்த்துக்கொண்டே வேலைச் சப்பாத்தைத் தேடினாள். அக்கா போர்வைக்குள்ளிருந்து, "மீனு பஞ்ச் கார்டு வச்சிக்கிட்டு நிக்குது, ஓடுங்க ரெண்டு பேரும்" என்றார். பிறகு மேலே போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். "நாலு மணிக்கு எழுந்திரிச்சு ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கேன். வாழ்க்கையில இதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றார். அதை இரண்டுமுறை சொன்னார்.

விடிந்தபோது கவினின் உடம்பு சுட்டது. பால் குடிக்கவில்லை, குரல் கரகரக்க அழுதான். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியை வைத்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. அந்தத் தீவு எதிரே மரம் மரமாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றார் பாக்சிக். லேசான சூடுதானே, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றாள் ஷரீஃபா. அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை.

அவர் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். தீவைப் பார்க்கவில்லை.

"பூசிங் பாலேக், பாக்சிக்" என்றார்.

படகு திரும்பியது. காற்று இப்போது எதிரில். பாயை இறக்கி இஞ்சினைப் போடவேண்டியதாயிற்று. கரை சேரும்வரை நான்கு மணி நேரம் அந்த இரைச்சல்.

கிளினிக்கில் மருத்துவர் கவினின் கீழ் ஈறைத் தடவிப் பார்த்து, என் விரலையும் அங்கே வைத்தார். பல். அரிசி முனை அளவுக்கு ஒரு பல். வேறு ஒன்றுமில்லை. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே ஒரு பிறந்தநாள் ஆசை, அதை ஒரு பல்லுக்காகக் கெடுத்துவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "என் பர்த்டேக்கு எல்லாரும் கேக்கு குடுப்பாங்க. எனக்குப் பல்லு குடுத்திருக்கான் பாரு" என்றார். தீவு எங்கேயும் போகாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் பஸ்ஸுக்கு வரவில்லை. மருத்துவமனைக்குப் போயிருந்தார். வயிற்றில் புற்று என்று பரிசோதனை முடிவு வந்து பத்து நாளாகியிருந்தது என்று வசந்தி பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் படகு ஏறியிருக்கிறார். சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் இருந்த கடைசிச் சனி ஞாயிறு அது.

அடுத்த பிறந்தநாளுக்கு அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்குக் காலையில எனக்கு வலி தாங்க முடியலை கௌரி" என்றார். "பர்த்டே வச்சிக்கிட்டு நானே எப்படித் திரும்பலாம்னு சொல்றதுன்னு இருந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தேன், அப்பாடான்னு இருந்துச்சு."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. அன்று காலை அக்கா இரண்டுமுறை சுடுநீர் கேட்டார், அதனால் உண்மைதான் என்கிறாள் ஷரீஃபா. வலி அப்போது அவ்வளவு இல்லை என்று வசந்தி நினைக்கிறார். நான் இரண்டையும் மாறி மாறி நம்புகிறேன். உண்மை என்றால், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவர் வலியை நான் பார்க்கவில்லை. பொய் என்றால், சாகும் நேரத்திலும் அவர் என் பயத்துக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். எப்படியிருந்தாலும் அந்தத் தீவில் அவர் கால் படவில்லை. அதை யாராலும் மாற்ற முடியாது.

போன வாரம் பெர்மாஸ் ஜெயா பூங்காவில் கவின் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நின்றுவிட்டான். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். பின்னால் நான்கைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகாது, சறுக்கு என்று கீழேயிருந்த பெற்றோர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கும் அதுவே வாய்வரை வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஏணியில் ஏறினேன். அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, அவனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கினேன். ஏன் பயந்தாய் என்று கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.