காலண்டரில் கிடைத்த கொள்ளுத் தாத்தா

போன மாதம் ஒரு காலை, காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில் என் கைபேசியில் ஒரு மீசை வந்து இறங்கியது. முதலில் மீசைதான் தெரிந்தது. பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு முகம், மேலே தலைப்பாகை, காதில் கடுக்கன், தோளில் சரிகை அங்கவஸ்திரம். அனுப்பியவன் கார்த்திக், என் கொழுந்தனார் சேகரின் மகன். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறான். படத்துக்குக் கீழே, "மணியம் ஆறுமுகம், நம் கொள்ளுத் தாத்தா. ஆதாரங்களின் அடிப்படையில் கம்ப்யூட்டர் வரைந்தது" என்று எழுதியிருந்தான். குடும்பக் குழுவில் வரிசையாகக் கைகூப்பினார்கள். ஒருத்தி, "அப்படியே சேகர் மாமா மூக்கு" என்று அழுகிற பொம்மையும் போட்டிருந்தாள்.

நான் கைகூப்பவில்லை. அந்த மனிதரைப் பெற்றெடுத்ததே நான்தான். பெற்றவள் பிள்ளையைக் கும்பிடும் வழக்கம் நம்மிடம் கிடையாதே.

கார்த்திக்கைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வருஷமாக சனி ஞாயிறுகளில் ஓயாமல் தேடியிருக்கிறான். பழைய நிலப் பதிவேடுகள், ஸ்கேன் செய்த செட்டில்மெண்ட் புத்தகங்கள், வாக்காளர் பட்டியல் என்று எதையும் விடவில்லை. போளூர் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டாரின் ஊருக்குக் கார் எடுத்துக்கொண்டு போய், ஏரி இருந்த இடத்தில் போட்டிருக்கும் மனைப் பிரிவின் வளைவு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டு வந்தான். இவ்வளவுக்கும் ஆரம்பம் என் டிரங்குப் பெட்டியிலிருந்து அவன் வாங்கிப்போன ஒரே ஒரு காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, நம்ம வீட்டுல இருக்கற ஒரே பிரைமரி சோர்ஸ் இதுதான்" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்ன காகிதம் என்று விரித்துப் பார்த்திருந்தால் அப்போதே பிடுங்கி வைத்திருப்பேன்.

பெட்டியைத் திறந்தபோது எழுந்த அந்துருண்டை வாசனைக்கு அடியில் கார்பன் பேப்பர் வாசனையும் இருந்தது. அந்த வாசனை என்னை நேராக ஒரு புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஜீவனஹள்ளியில் புகுந்த வீடு. பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் தற்காலிக குமாஸ்தா வேலை. சேர்க்கை நாளில் தாய்மார்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவார்கள். பிறந்த தேதி கேட்டால், "பெரிய மழ பெஞ்சுதே, அப்போ" என்பார்கள். நான் ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவேன். இன்றைக்கும் எங்கள் பேட்டையில் பாதிப் பேர் ஜூனில் கேக் வெட்டுகிறார்கள் என்றால் அதில் என் பங்கும் உண்டு. பதிவேடு எப்படிப் பிறக்கிறது என்று அதை எழுதியவளுக்குத்தானே தெரியும்? படிக்கிறவர்கள் பயபக்தியோடு படிப்பார்கள். எழுதியவளுக்கு அன்று பசி, தலைவலி, மணி அடிக்கப்போகிறதே என்ற அவசரம்.

அந்த வருஷம் மாமனார் காலமானார். இரண்டு அறை வீட்டை மாமியார் பேருக்கு மாற்ற வேண்டும். நம் பெங்களூரில் அதற்கு வம்சவிருட்சம் என்று ஒரு காகிதம் கேட்பார்கள். மேலே பெரியவர் பெயர், அதற்குக் கீழே பிள்ளை, அதற்குக் கீழே பேரன்கள் என்று குடும்பத்தை மரமாக வரைந்து முத்திரை வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த மருமகள் என்பதால் என்னை மாமியாரோடு தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள். வாசலில் புங்கமரத்தடியில் ஒருவர் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார். பாதி கன்னடம், பாதி தமிழ்.

"மேல யாரும்மா? உங்க மாமனாரோட அப்பா ஹெஸரு ஹேளி. பேர் இல்லாம மரம் நிக்காது."

எனக்குத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள், உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம். என் கணவரும் சேகரும் ஊரிலிருந்த தாத்தாவைத் தாத்தா என்றே கூப்பிட்டவர்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது இருவரும் டவுசர் போட்ட வயசு. மாமனாரின் இனிஷியலோ ஊர்ப் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கலாமே என்றால், வைத்தால் மாமியார் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்? கட்டினவர் பெயரையும் அவரைப் பெற்றவர் பெயரையும் வாயால் சொல்லாத தலைமுறை அது. ஆகவே பிள்ளைகள் ராஜேந்திரன், சேகர் என்று ஆனார்கள். அந்தப் பெயர் தெரிந்த ஒரே உயிர் என் பக்கத்தில் முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்தது.

"அத்தை, தாத்தா பேரு என்ன?"

"அந்தப் பேர நான் எப்படிம்மா சொல்றது?"

"இங்க யாரு கேக்கப் போறாங்க? காதுல சொல்லுங்க."

"காதுல சொன்னாலும் வாயாலதான சொல்லணும்?"

விடாமல் கெஞ்சினேன். கடைசியில் மனம் இரங்கி, எதிர் டீக்கடையில் தொங்கிய காலண்டர் பக்கம் தாடையை நீட்டினார். வள்ளி தெய்வானையோடு முருகன். முருகனுக்குப் பெயரா பஞ்சம்? நான் ஆரம்பித்தேன். வேலுவா? கந்தனா? சுப்பிரமணியா? கல் மாதிரி நின்றார். தலையாட்டக் கூடாதா என்றால், தலையாட்டினாலும் சொன்ன மாதிரிதானாம். ஆறுமுகமா என்றபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெட்கம், அப்படியானால் சரி என்று நான் முடிவு கட்டினேன். அதே நேரத்தில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

டைப் அடிப்பவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மொட்டையா இருக்கே. பட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லியா?"

இங்கேதான் நான் செய்த கைங்கரியம். என் கல்யாணத் தரகர் ஜோகுபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவிடம், மாப்பிள்ளையின் தாத்தா ஊர் மணியக்காரர் என்று அளந்துவிட்டிருந்தார். அது பொய் என்று கல்யாணமான முதல் வாரமே மாமியார் வாயால் தெரிந்துவிட்டது. "எங்க மாமனாரா? ஏரிக்கு மடை தொறக்கறவரு. வெள்ளம் வந்தா மடையத் தொறக்க அவரு ஒருத்தர்தான் அடியில முங்குவாரு. எம்மா நேரம் தெரியுமா, நாங்க கரைல நின்னு அழுதுடுவோம்." தெரிந்தும் நான் சொன்னேன்: "மணியம்னு போடுங்க." என் அப்பா ஏமாந்ததை ஒரு முத்திரையாவது போட்டுச் சரி செய்துவிடலாம் என்று அன்றைக்குப் பட்டது. சர்க்கார் முத்திரையும் விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், "ஆறுமுகம்னு போட்டாச்சு அத்தை" என்றேன்.

"போடு. யாரு பாக்கப் போறா?"

"அப்போ அது இல்லியா?"

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகும் பல வருஷம் அதே வீட்டில், அதே அடுப்படியில் இருந்தோம். ஒருநாள்கூட நான் மறுபடி கேட்கவில்லை. வீடு அவர் பேருக்கு மாறிவிட்டது, காரியம் முடிந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மீசை வந்த வாரம் கார்த்திக் இன்னொன்றும் அனுப்பினான். அவன் மகனுக்குப் பெயர் வைக்கிறார்கள்: ஆருஷ் ஆறுமுகம். இனிச் சும்மா இருக்க முடியாது என்று மல்லேஸ்வரத்துக்குப் போனேன். வரவேற்பறையில் சட்டம் போட்ட மீசை. கீழே பதிவேட்டுப் பக்கம், பெரிதாக்கி: மணியம் ஆறுமுகம், ஏரிப் பாசன நன்செய், இத்தனை ஏக்கர். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆறுமுகம் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் மணியமாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? இவர்கள் அவரைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தக் கொள்ளுப் பேரன்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

"கார்த்திக், அந்தப் பேரு தப்புடா."

"பெரியம்மா, டாக்குமெண்ட் இருக்கு. வாய்மொழியெல்லாம் எவிடென்ஸ் கிடையாது."

"அந்த டாக்குமெண்ட எழுதுனதே நான்தான்டா." காலண்டர், புழுதி, தரகர் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அப்போ நெஜப் பேரு என்ன?"

முருகன் பெயரில் ஏதோ ஒன்று என்றேன். அதுவும் மாமியார் காட்டியது காலண்டரில் முருகனைத்தான் என்றால்.

அவன் சட்டத்தையே பார்த்தான். பிறகு, "இதே இருக்கட்டும் பெரியம்மா. இன்விடேஷன் அடிச்சாச்சு" என்றான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை முதன்முதலாக முழுசாகப் படித்தேன். நிலம் உள்ளவர்களுக்குத் தகப்பன் பெயரோடு சேர்த்து ஒவ்வொரு வரி. அடியில் பொடி எழுத்தில் ஊர் ஊழியர்கள். தலையாரி ஒருவன். மடை திறப்பவன் ஒருவன். அவ்வளவுதான். எங்கள் ஆளாகவே இருக்கலாம், அவரைப் பெற்றவராகவும் இருக்கலாம். மூச்சடக்கி முங்கி ஒரு ஊருக்கே தண்ணீர் விட்டவர், ஒருவன். எழுதியவனுக்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, நான் மட்டும் என்ன கிழித்தேன் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு மூத்தவள் என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். சட்டத்திலிருந்து மீசை பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து வெற்றிலையால் காதை மறைத்துக்கொண்டேன். வேலு என்றேன். கந்தன், சுப்பிரமணி, பழனி, குமரேசன், சண்முகம், வடிவேலு, சாமிநாதன் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். "எவ்ளோ நேரம் பெரியம்மா?" என்று கார்த்திக் சிரித்தான். அவற்றில் ஒன்று அந்த மடை திறந்தவருடையதாக இருந்திருக்கும். எது என்று தெரிந்தவர் அதை வாயால் சொல்லாமலே போய்விட்டார்.